ஓரிரு இடங்களில்

முதுகுப்பையை எங்கள் தெரு பழைய பேப்பர் கடையில்தான் எடை போட்டேன். கடைக்காரர் அதைக் கொக்கியில் மாட்டி, "பதினாலு கிலோ முன்னூறு. உள்ள நோட்டா சார், நியூஸ் பேப்பரா? நோட்டுன்னா வேற ரேட்டு" என்றார். நீலகிரிக்கு மலையேறப் போகிறேன் என்றேன். பையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இறக்கிக் கொடுத்தார்.

நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒருவர் வங்கியில் இருப்பவர். எக்செல் இல்லாமல் சாம்பார்கூட ஊற்றிக்கொள்ள மாட்டார். திட்டம் அவருடையது. காலையில் மேட்டுப்பாளையம், 7.10-க்கு மலை ரயில், மறுநாள் அவலாஞ்சியிலிருந்து கோலரிபெட்டா. 2024-இல் தமிழக அரசு திறந்துவிட்ட 40 மலையேற்றப் பாதைகளில் அதுவும் ஒன்று. ஒரே நாளில் ஏறி இறங்கும் பாதைக்கு ஸ்லீப்பிங் பேக் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். தண்ணீர் குடிப்பதற்குக்கூட அட்டவணையில் மூன்று இடத்தில் ஐந்தைந்து நிமிடம் போட்டிருந்தார் வங்கிக்காரர். மழைக்கு மட்டும் கட்டம் இல்லை.

மாதமோ ஐப்பசி. ஐப்பசி அடைமழை என்பது எந்த ஆப்பும் இல்லாமல் என் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் மூன்று பேருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது அப்போதுதான். ஊர்ப் பெயரைப் பார்த்தாவது சுதாரித்திருக்கலாம். அவலாஞ்சி என்பது மலை சரிந்ததைப் பார்த்து வெள்ளைக்காரன் வைத்த பெயர். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. சென்னையில் வருஷம் பூராவும் பெய்வதே 140 சொச்சம்தான். இதைச் சொன்னதும் வங்கிக்காரர், "அது தென்மேற்குப் பருவமழை. இது வடகிழக்கு" என்றார், அந்தக் கிளையின் பாக்கிக்கு இந்தக் கிளை பொறுப்பல்ல என்கிற தொனியில்.

கிளம்பும் அன்று வானிலை அறிக்கையில், நீலகிரி, கோவை மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு என்றார்கள். "ஓரிரு இடம்னா கால்வாசி இடத்துக்கு மேல பெய்யாதுன்னு அர்த்தம். முக்கால்வாசி நமக்குச் சாதகம்" என்றார் அவர். இப்படித்தான் கடனும் கொடுக்கிறாரா என்று கேட்க நினைத்தேன். ரயில் கிளம்பிவிட்டது.

மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போதே ஊற்றிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டு எங்கே? பையின் அடியில். மழைக்கோட்டைக் கடைசியாக வாங்குகிறோம், ஆனால் எப்படியோ அதுதான் முதலில் உள்ளே போய்விடுகிறது. பிளாட்பாரத்தில் பையைக் கவிழ்த்தேன். கம்பளிக் குல்லா, ஹெட்லைட், தக்காளித் தொக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இருபது இட்லி எல்லாம் வெளியே வந்தன. அட்டைப்பூச்சிக்காக அரைக்கிலோ கல்லுப்பு வாங்கிக் காலுறைகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். ஈரம் பட்டு அது கசிந்து, ஆறு ஜோடி காலுறையும் வடுமாங்காய்ப் பதத்துக்கு வந்திருந்தது.

46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறுகிற ரயிலைப் பிடிக்க மூன்று பேரும் ஓடினோம். ஓடியிருக்க வேண்டாம். கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தில் பாறை விழுந்து கிடந்தது, ரயில் ரத்து. தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரம் வைத்துப் பிடித்துப் பிடித்து ஏறுகிற வண்டி அது. செங்குத்தை ஏறிவிடும், பாறையை என்ன செய்யும்? குன்னூர் சாலையிலும் மரம் விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். சற்று நேரத்தில் வங்கிக்காரரின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: கனமழை காரணமாக மலையேற்றம் ரத்து. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அட்டவணையைத் திறந்து, மொத்தத்தையும் ஒரு நாள் கீழே இழுத்துவிட்டார்.

ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடைக்காரர் எங்கள் மூட்டைகளைப் பார்த்து, "ஏனுங் சாமி, மாலை போட இன்னும் நாள் இருக்குதுங்களே?" என்றார். சபரிமலை இல்லை, சும்மா மலை ஏறத்தான் வந்தோம் என்று விளக்கினோம். "சும்மாவுங்களா?" என்று கேட்டுவிட்டு மேலே கையைக் காட்டினார். காட்டிய இடத்தில் மலை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர்தான் நின்றது. "மலை எங்கீங்க போயிருது? அங்கயேதானுங்க இருக்கும். டீ குடிங்க."

திரும்பும் டிக்கெட் ஞாயிறு இரவுக்கு. முன்கூட்டியே ஊர் திரும்பலாம்தான். ஆனால் "நான் அப்பவே சொன்னேன்" என்பதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுவது என்று மூவரும் ஏகமனதாக முடிவு செய்து, லாட்ஜில் அறை எண் 12-ஐ எடுத்தோம்.

மலையில் செய்ய நினைத்ததையெல்லாம் அந்த அறையில் செய்தோம். மெத்தை ஈரம், ஆகவே ஸ்லீப்பிங் பேக்கை விரித்தோம். கரண்ட் போயிற்று, ஆகவே மூன்று பேரும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீட்டாடினோம். எதிராளி தலை நிமிர்ந்தால் கண் கூசும். வங்கிக்காரர் இதை வைத்தே நாலு ஆட்டம் ஜெயித்தார். ஜன்னலில் கண்ணாடி ஒன்று இல்லை, ஆகவே கம்பளிக் குல்லாவும் வீண்போகவில்லை. சாப்பாடு கொண்டுவந்த பையன் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தவன், தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மலையேற்றத்துக்குப் பதிலாக பவானி பாலத்துக்கு நடந்தோம். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் பில்லூர் அணை 100 அடி. 97-ஐத் தொட்டால் திறந்துவிடுவார்கள். திறந்திருந்தார்கள். செங்காவி நிறத்தில் ஆறு கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தென்னை மரம் வேரோடு மிதந்து வந்து பாலத் தூணில் மோதித் திரும்பியது. யாரும் இறங்காதீர்கள் என்று ஜீப்பில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார்கள். நாங்கள் பாலத்தின்மேலேயே நின்று ஒரு மணி நேரம் பார்த்தோம். அட்டவணையில் இல்லாத ஒரு மணி நேரம். உண்மையைச் சொன்னால், அந்தப் பயணத்தில் நன்றாக இருந்தது அதுதான்.

திங்கள் காலை சென்னை. ஓரிரு இடங்களில் ஒன்று மேட்டுப்பாளையம். இன்னொன்று எங்கள் தெரு என்பது அப்போதுதான் தெரிந்தது. சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள், ஆட்டோக்காரர்கள் யாரும் வரவில்லை. பையை முதுகில் ஏற்றி, இடுப்புப் பட்டையை இறுக்கி, மழைக்கோட்டை மாட்டி, முழங்கால் தண்ணீரில் இரண்டு கிலோமீட்டர். மலையேற்ற வீடியோவில் சொன்னபடி கோலை முன்னே ஊன்றிப் பள்ளம் பார்த்துத்தான் நடந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு மாமிகளும் ஒரு பால்காரரும் வரிசையாக வந்தார்கள்.

தெருமுனையில் பேப்பர் கடைக்காரர் தன் மூட்டைகளை மேஜைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நின்ற என் பையை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், நனைஞ்ச பேப்பர் எடுக்கறதில்ல" என்றார்.