ஹிஞ்சவடியில் உட்கார்ந்து அமெரிக்கச் சொந்தபந்தம் கண்டுபிடிப்பது எப்படி?

வாகட் நெரிசலைத் தாண்டி ஹிஞ்சவடி ஆபீசுக்கு வந்து, அமெரிக்க ஓய்வூதியத் திட்டங்களுக்கு ரிப்போர்ட் செய்யும் புனேவாசியா நீங்கள்? ஜனவரி பிறந்ததும் மெயில் வரும்: ‘டாப் ஹெவி டெஸ்ட்டுக்குத் தனியா ஒரு கஸ்டம் ரிப்போர்ட் வேணும், நாளைக்கே.’ உடனே ‘ஆகிவிடும்’ என்று பதில் போடுங்கள். என்ன கேட்கிறார்கள் என்பதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

கேட்பது இதுதான். 401(கே) திட்டத்தில் சேர்ந்த பணத்தில் 60 சதவீதத்துக்கு மேல் ‘கீ எம்ப்ளாயி’கள் கணக்கில் குவிந்திருக்கிறதா? வரிச்சலுகையை முதலாளியே அள்ளிக்கொண்டு போகக்கூடாது என்று 1982-இல் அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட விதி. சரியாக 60 என்றால் பிழைத்தார், 60.01 என்றால் மாட்டினார். ஆகவே தசமத்தை முழு எண்ணாக்கும் அழகுணர்ச்சியைக் கொஞ்சம் அடக்குங்கள்.

யார் கீ? 5 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர். 1 சதவீதத்துக்கு மேல் பங்கும் 1,50,000 டாலருக்கு மேல் சம்பளமும் உள்ளவர். 2024 கணக்கில் 2,20,000 டாலரைத் தாண்டிய அதிகாரி. கடைசித் தொகை விலைவாசியோடு ஏறும், 2025-க்கு 2,30,000. அந்த 1,50,000 மட்டும் அசையாது. அதிகாரி யார் என்பதை விசிட்டிங் கார்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவில் தடுக்கி விழுந்தால் ஒரு வைஸ் பிரசிடென்ட் மேல்தான் விழ வேண்டும்.

இனிதான் வில்லங்கம். ஒரு பல் டாக்டரின் கிளினிக் என்று வையுங்கள். டாக்டர் கணக்கில் 6 லட்சம் டாலர், பில் போடும் அம்மாவுக்கு 1 லட்சம், மற்ற எட்டுப் பேருக்கும் சேர்த்து நாலரை லட்சம். டாக்டரை மட்டும் கீ என்று குறித்தால் 52.17, பாஸ். ஆனால் பில் போடும் அம்மா டாக்டரின் மனைவி. அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லாவிட்டாலும் கணவர் பங்கு அவருடையதாகவே கருதப்படும். இப்போது 60.87, ஃபெயில். பிள்ளைகளும் பெற்றோரும் இப்படியே மாட்டுவார்கள். தம்பி தப்பிப்பார். டாக்டரின் தாத்தா மாட்டுவார், பேரன் மாட்டமாட்டான், சட்டம் அப்படி.

இந்த உறவு எந்த சிஸ்டத்திலும் இருக்காது. குடும்பப் பெயரை வைத்து எக்ஸெலில் வடிகட்டினால் சம்பந்தமில்லாத நாலு ஸ்மித்துகள் சிக்குவார்கள். பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்கும் மனைவி நழுவிவிடுவார். நம் ஊர் அத்தை கல்யாண வீட்டில் ஐந்தே நிமிஷத்தில் கறந்துவிடும் தகவல் இது. நீங்கள் இரவு எட்டு மணிக்கு, நியூயார்க்கில் காலை ஒன்பதரை ஆகும்போது, போன் போட்டுக் கேட்க வேண்டும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. முந்தைய ஆண்டின் கடைசி நாள் இருப்பை எடுங்கள், இன்றைய இருப்பை அல்ல. திட்டத்தில் வாங்கிய கடன் நிலுவையைக் கூட்டுங்கள். வேலையை விட்டவர் அந்த ஓராண்டில் எடுத்ததையும், வேலையில் இருப்பவர் ஐந்தாண்டில் எடுத்ததையும் திரும்பச் சேருங்கள். அந்த ஓராண்டில் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்காதவரை, எவ்வளவு வைத்திருந்தாலும், விட்டுவிடுங்கள். ‘சேஃப் ஹார்பர்’ திட்டமென்றால் பெரும்பாலும் இந்த டெஸ்ட்டே வேண்டாம். அதை நீங்கள் ரிப்போர்ட்டை முடித்த பிறகுதான் சொல்வார்கள்.

உங்கள் சொந்த பி.எஃப்.புக்கு இந்த வம்பு கிடையாது. ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் ஊழியர் கட்டினால், அந்த அதிகப்படிக்கு வரும் வட்டிக்கு 2021 ஏப்ரல் முதல் வரி. அவ்வளவுதான், அத்தை தேவையில்லை.

ஃபெயில் என்று அனுப்பினால், ‘ஃபார்முலா தப்பா?’ என்றுதான் பதில் வரும். அசராதீர்கள், மனைவி பெயரை மஞ்சளில் காட்டி மறுபடி அனுப்புங்கள். ஃபெயிலானால் கீ அல்லாத ஊழியர்களுக்கு முதலாளி பொதுவாகச் சம்பளத்தில் 3 சதவீதம் போட்டாக வேண்டும். ஆண்டுக்கு 40,000 டாலர் வாங்கும் உதவியாளருக்கு அது 1,200 டாலர்.