கீர்த்தனை அண்ணாச்சி

நெல்லைச் சீமையில் சி.எஸ்.ஐ. கோவில் உள்ள ஊர் எதுவானாலும் அங்கே ஒரு கீர்த்தனை அண்ணாச்சி இருப்பார். அநேகமாக ஓய்வுபெற்ற வாத்தியார். பிரசங்க நேரத்தில் கண் சொக்கும். பாட்டு நம்பரைச் சொன்னதும் முதுகு நிமிரும். ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்து, ஏலத்தில் எடுத்த சேவலுக்குக் காசு வசூலாகும் முன்னே கமிட்டியில் எழுந்துவிடுவார்: "ஐயா, ஒரு கீர்த்தனை மாலை வச்சா என்ன?" யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அனுமதி.

மறுநாளே நோட்டும் கையுமாக வீடு வீடாக ஏறுவார். காப்பி வேண்டாம் என்பார், குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "டீச்சர், நீங்க ஆல்ட்டோ. சார் பேஸ்." சார் பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "தொண்டை கரகரன்னு இருக்குல்லா, அது போதும் டீச்சர்."

பாட்டுத் தேர்வுதான் பெரும் யுத்தம். ஆர்கனோடு நாலு குரலில் மேல்நாட்டு மெட்டுப் பாமாலை பாடவேண்டும் என்பது ஒரு கட்சி. கீர்த்தனைதான் நம் பாட்டு என்பது இன்னொரு கட்சி. அண்ணாச்சி உடனே கீர்த்தனைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரை இறக்குவார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர் அல்லவா! "ஸ்வார்ட்ஸ் ஐயர் மட்டும் பையனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போகலேன்னா, அவரு நம்ம கொயர்லதாம்ல இருந்திருப்பாரு." போன வாரம் நடந்த அநியாயம் மாதிரி குரல் தழுதழுக்கும். இன்னொரு கிறிஸ்தவக் கவிஞரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை சாயர்புரத்தில் தமிழ் கற்பித்தவர் என்பதால், அவர் ஏறக்குறைய அண்ணாச்சிக்குப் பங்காளி. இவ்வளவு வரலாற்றுக்குப் பிறகு எதிர்க்கட்சிக்கு ரெண்டு பாமாலை கிடைத்தாலே பெரிது.

ஒத்திகைக்கு வருகிறவர்கள் பாடத் தெரிந்தவர்கள். அன்றைக்குப் பாடப்போகிறவர்கள் வேறு. கீபோர்டு பையன் ஒரு பொத்தானை அமுக்கினால் கல்யாண பேண்டு கிளம்பும். "எலே, அந்த டும்டும்ம நிப்பாட்டு!" புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் தெளிவாக அச்சிட்டிருக்கும். சபை பாடுவதோ பாட்டிமார் பாடிப் பாடிப் பதிந்துபோன மெட்டு. முறையாகச் சங்கீதம் கற்ற யாராவது, "இது அந்த ராகம் மாதிரி இல்லையே அண்ணாச்சி" என்று கேட்டால், பதில் வராது. அடுத்த நோட்டீசில் கேட்டவர் பெயரும் வராது.

நோட்டீசில் மாலை ஆறு மணி என்று இருக்கும். ஆறே முக்காலுக்கு ஐயர் ஜெபம். முதல் பாட்டில் முன்வரிசையும் பின்வரிசையும் ஆளுக்கொரு கட்டையில் புறப்பட்டு, மூன்றாவது சரணத்தில் எப்படியோ சந்தித்துக்கொள்ளும். அந்த ஒரு நிமிஷம், உண்மையைச் சொன்னால், காசு கொடுத்துக் கேட்கிற கச்சேரியிலும் கிடைக்காது. பேஸ் சாருக்கே கண் கலங்கிவிடும்.

நோட்டோடு உங்கள் வாசலுக்கும் வருவார். தட்டாமல் பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும்: சரணத்தை வெட்டுவது பாவம் என்பது அண்ணாச்சியின் கொள்கை. ராச்சாப்பாட்டை முடித்துவிட்டே வாருங்கள்.