எங்கள் கை சுத்தம்

கருணைக்கொலை பற்றி டி.வி.யில் விவாதம் என்றால் சாப்பாட்டுத் தட்டோடு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். கோட்டும் டையும் போட்ட டாக்டர் ஒருவர் கட்டாயம் வருவார். "உயிரைக் காப்பாற்றத்தான் படித்தோம், எடுப்பதற்கு இல்லை" என்பார். நான் எச்சில் கை என்றும் பார்க்காமல் தட்டுவேன். அவர் சொல்வதில் தப்பே கிடையாது. ஊசி போட்டு அனுப்பிவைக்கும் வேலையை நம் ஊரில் சட்டமாக்கினால் அடுத்த வாரமே அதற்கொரு பேக்கேஜ் வந்துவிடும். சொத்துத் தகராறு உள்ள குடும்பங்களுக்குத் தனித் தள்ளுபடி. உலக மருத்துவச் சங்கமும் 2019இல் திபிலிசியில் கூடி, கூடாது என்றது. நம் மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருட நடத்தை விதிகளும் அதை ஒழுக்கக்கேடு என்கின்றன. ரொம்ப சரி.

கொல்ல மாட்டீர்கள். வலிக்கிறது என்று கத்துகிறானே, அவனை என்ன செய்வதாக உத்தேசம்?

என் பெரியப்பாவுக்கு வாயில் புற்று. கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. குடிக்கிற தண்ணீர் அந்த வழியாக ஒழுகும். பெரியம்மா பழைய வேட்டிக் கிழிசலால் ஒற்றிக்கொண்டே இருப்பாள். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர், ராத்திரி ஒரு மணிக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்குவார். பக்கத்து பெட்காரர் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்வார். டூட்டி டாக்டர் சின்னப் பையன். பாராசிட்டமால் எழுதினார். "மார்ஃபின்னு ஒண்ணு இருக்காமே தம்பி?" என்றேன். அரை கிலோ கஞ்சா கேட்டதைப்போல என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் குடுத்தா அடிக்ட் ஆயிடுவாரு சார்."

அன்று காலையில்தான் பெரிய டாக்டர், மூன்று வாரம் தாங்கினால் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரியம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்: "மூணு வாரத்துல அடிமையாயி, இவரு எந்தக் கடை வாசல்ல போயி வுழுந்து கெடக்கப்போறாரு தம்பி?"

பையனைத் திட்டிப் பயனில்லை. ஐந்தரை வருடப் படிப்பில் வலி என்பது நோயைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கண்டுபிடித்தாகிவிட்டது. இனி வலிக்கு அங்கே வேலையில்லை. கத்துவது நோயாளியின் சொந்த விவகாரம்.

இதில் ஒரு கேவலம் உண்டு. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பாலில்தான் மார்ஃபின் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்ஸோடு விளைகிறது, நீமச்சிலும் காஜிபூரிலும் அரசாங்கமே ஆலை வைத்திருக்கிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. விதை நம் குருமாவுக்கு, பால் அடுத்தவன் வலிக்கு. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரன் அசரவில்லை. ஆஸ்பத்திரிக்காரன் பயந்துவிட்டான். ஏட்டில் கணக்கு தவறினால் ஜெயில், ஒரு மருந்துக்கு நாலைந்து லைசென்ஸ் என்றால் எவன் வாங்கி வைப்பான்? பன்னிரண்டு வருடத்தில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பயத்தைத் திருத்த மறந்துவிட்டார்கள். மார்ஃபின் என்பது நாலு மணிக்கொரு தடவை வாயில் போடும் சாதாரண மாத்திரை. விலையும் சில ரூபாய்தான். அளவு பார்த்துக் கொடுத்தால் மூச்சை நிறுத்தாது. பிறகு அந்த மாத்திரையை யார் தடுத்து வைத்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் சட்டத்தைக் காட்டுகிறார்கள். சட்டத்துக்கு வாய் கிடையாது.

மாத்திரைக்குப் பஞ்சம் என்றாலும் மெஷினுக்குப் பஞ்சமே இல்லை. நம்பிக்கை போன பிறகும் வெண்டிலேட்டர் ஓடும். தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகும்வரை "உயிர் புனிதமானது." கொடியும் போய், பத்திரமும் போனபின் ஒரு மத்தியானம் புனிதம் சட்டென்று காலாவதியாகிவிடும். "டாக்டர் ஆலோசனைக்கு எதிராக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகிறோம்" என்ற தாளில் மகன் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் ஆம்புலன்ஸ். உள்ளே ஒரு பையன் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வருவான், மெயின் ரோட்டிலிருந்து வாசல்வரை. வீடு வந்ததும், "எடுத்துடட்டுமாண்ணா?" என்பான். மகன் தலையாட்டுவான். பன்னிரண்டாவது ஃபெயிலான அந்தப் பையனின் கையில்தான் இந்திய மருத்துவ அறத்தின் கடைசி அத்தியாயம். டாக்டரின் கை சுத்தம். பில்லும் சுத்தம்.

பயன் தராத சிகிச்சையை நிறுத்துவதும் ஊசி போட்டுக் கொல்வதும் ஒன்றல்ல. 2018இல் உச்ச நீதிமன்றம் முன்னதை அனுமதித்தது. வழிமுறையை ஒரு மனிதன் நிம்மதியாகச் சாக முடியாத அளவுக்குச் சிக்கலாக்கி வைத்துவிட்டு, 2023இல் கொஞ்சம் தளர்த்தியது. 2024இல் மத்திய சுகாதாரத் துறை இதற்கு வரைவு வழிகாட்டுதல்கள் போட்டது. இந்திய மருத்துவச் சங்கத்தின் அன்றைய தேசியத் தலைவர், இது டாக்டர்களைச் சட்டச் சிக்கலுக்கும் மன அழுத்தத்துக்கும் ஆளாக்கும் என்றார். மன அழுத்தம்! பாவம். அந்த ஆம்புலன்ஸ் பையனுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்க ஒரு சங்கம் இல்லை.

கொல்ல மாட்டேன் என்று சொல்ல அருகதை உள்ளவர்களும் உண்டு. இங்கிலாந்து டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் கருணைக்கொலையைக் கடைசிவரை எதிர்த்தவர். எதிர்த்துவிட்டு ஸ்டுடியோவிலிருந்து காரில் ஏறிப் போய்விடவில்லை. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்து, வலி வருவதற்கு முன்பே வேளாவேளைக்கு மார்ஃபின் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தார். நமக்கு லண்டன் தூரம் என்றால் கோழிக்கோடு ராத்திரி ரயில் தூரம்தான். அங்கே மருத்துவக் கல்லூரியில் 1993இல் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண வேலை தெருத்தெருவாகப் பரவி, 2008இல் கேரள அரசின் கொள்கையே ஆயிற்று. இங்கேயும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021இலிருந்து நோய் ஆதரவுச் சேவை இருக்கிறது. ஒரு நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் வருகிறார். டி.வி. விவாதத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நேரமும் இருக்காது.

மற்ற டாக்டர்களுக்குத் தெரிந்தது ஒரே வாசகம்: "இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." செய்வதற்கு ஒன்றுமில்லாத கிழவரை வீடு என்ன செய்யும்? விருதுநகர், மதுரை, தேனிப் பக்கம் அதற்கும் ஒரு சிகிச்சை உண்டு. விடியற்காலையில் தலைநிறைய எண்ணெய், குளிரக் குளிரக் குளியல், அப்புறம் இளநீர். தலைக்கூத்தல் என்று பெயர். கிழவர் அப்புறம் எழுந்திருக்க மாட்டார். இது கொலை என்று முதலில் துள்ளுவது யார்? சந்தேகமென்ன, டாக்டர்தான். கொலைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கிழவரைக் கடைசியாகத் தொட்டுப் பார்த்த டாக்டர் யார், என்ன எழுதிக்கொடுத்து அனுப்பினார் என்று மட்டும் விசாரியுங்கள்.

பெரியப்பாவை நாங்கள் எண்ணெய் தேய்த்து அனுப்பவில்லை. பத்தொன்பது ராத்திரி முனகிவிட்டுத் தானாகவே போனார். காரியமெல்லாம் முடிந்தபின் டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பார்த்தேன். பாராசிட்டமால், சத்து மாத்திரை, வாயுக்கு ஒன்று. கீழே ரப்பர் ஸ்டாம்ப்: "ஒரு மாதம் கழித்து வந்து காட்டவும்."