பாஸ்டனில் மழை, பசுமலையில் குடை

மாஸ்கோவில் மழை பெய்தால் மதுரையில் குடை பிடிப்பார்கள் என்று தோழர்களைக் கிண்டல் செய்வதுண்டு. பாவம், அந்தக் குடையை முதலில் விரித்தவர்கள் அமெரிக்கன் மிஷன்காரர்கள். தலைமையகம் பாஸ்டனில் இருந்ததால் அவர்களுக்கு மழையும் அங்கேதான்.

1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்குக் கிளை விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அப்போதே ஓர் அருமையான ஏற்பாடு. அமெரிக்கப் புண்ணியவான் ஒருவர் வருஷா வருஷம் டாலர் கட்டினால் ஒரு பையனுக்குச் சோறும் படிப்பும். பையனுக்கு அவர் சொல்லும் பெயர். விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாமல் உபயதாரர் பெயரை எழுதுகிற நாம் இதற்குச் சிரிக்க முடியாது.

1837-இல் அமெரிக்க பேங்குகள் படுத்தன. படுத்தது நியூயார்க்கில், பூட்டு விழுந்தது யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில்.

மதுரைப் பக்கம் 1842-இல் திருமங்கலத்தில் செமினரி தொடங்கி, பிறகு பசுமலைக்குப் போனது. உபதேசியார்களை உருவாக்குவது திட்டம். பையன்களுக்கும் ஒரு திட்டம் இருந்தது: இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு கச்சேரி குமாஸ்தா ஆவது. இந்த ரகசியம் பாஸ்டனுக்கு எட்டியதும் 1855-இல் மிஷன் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரிலேயே வந்துவிட்டார். தீர்ப்பு: இங்கிலீஷ் வேண்டாம், தமிழே போதும். பசுமலையில் இங்கிலீஷ் போயிற்று. யாழ்ப்பாணத்தில் அதே மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரிக்கு மூடுவிழாவே நடந்தது. முந்தின வருஷம்தான் லண்டனிலிருந்து மந்திரி சார்லஸ் வுட், தனியார் பள்ளிகளுக்கு மானியம் உண்டு என்று எழுதியிருந்தார். ஒரு துரை கொடுக்க வருகிறார், இன்னொரு துரை பிடுங்க வருகிறார். நடுவில் சிலேட்டோடு நம்ம பையன்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ் போதும் என்று மூடிய வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் அந்தக் கரோலும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ.க்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் கலித்தொகையையும் அச்சேற்றினார். இங்கிலீஷ் படித்தவரால் தமிழுக்குக் கேடு வரவில்லை.

காலம் மாறியது, பாஸ்டனின் மனசும் மாறியது. விரட்டிய இங்கிலீஷ் 1881-இல் அதே பசுமலைக்குக் கல்லூரியாகத் திரும்பி வந்தது. 1904-இல் மதுரைக்குள் குடியேறியது. அதுதான் அமெரிக்கன் கல்லூரி. நல்ல கல்லூரி, அதில் சந்தேகமில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் யாராவது வெளிநாட்டு நிதியோடு, மூன்று வருஷத் திட்ட அறிக்கையோடு வரலாம். மரியாதையாகக் காபி கொடுங்கள். குடித்து முடித்ததும் கேளுங்கள்: நாலாவது வருஷம் வாத்தியார் சம்பளம் யார் பொறுப்பு?