சண்டிலிப்பாயில் தன்னறிமுகம்: வினா நிரலும் விடைக் கிரமமும் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் கூடுகிற ஒரு வட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவரை எழுப்பி, "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்று கேட்பது இன்று எங்கும் உள்ள வழக்கம். அவர் எழுவார். பெயர், தொழில், எப்போதிருந்து எழுதுகிறார், எதற்காக எழுதுகிறார் என்று நாலு வசனம் சொல்லி அமர்வார். கைதட்டுவார்கள். அவர் அறிமுகமாகிவிட்டார் என்று கொள்ளப்படும்.

இந்த முறை சண்டிலிப்பாயில் செல்லாது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் போகும் வீதியில், மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் இடையில் இருக்கும் இந்த ஊரில், ஒருவர் தன்னைத் தானே அறிமுகம் செய்வதில்லை. மற்றவர்கள் அவரைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்து முடிந்ததும் அவரிடமே அவரை ஒப்படைக்கிறார்கள்.

2. முன்னோர் கருத்து

இத்துறையின் மூலநூல் பவணந்தி முனிவரின் நன்னூல். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்நூல், ஒரு நூலை அறிமுகம் செய்யும் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டு உறுப்புகள் வகுத்தது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. இந்தப் பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதக்கூடாது என்பதும் நன்னூலின் கட்டளை. அவருடைய ஆசிரியர், ஒருசாலை மாணாக்கர், அவருடைய மாணவர், உரைகாரர் ஆகிய நால்வருள் ஒருவரே எழுதலாம்.

தற்புகழ்ச்சி பற்றியும் விதி உண்டு. எவ்வளவு படித்தவரானாலும் தன்னைத் தான் புகழ்தல் தகாது. விலக்கு நான்கு இடத்தில் மட்டும்: அரசனுக்கு எழுதும் ஓலையில், தன் திறமை அறியாதவர் நடுவில், அவையில் வாதம் வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்நூலுக்குக் காண்டிகையுரை செய்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). ஆகவே விதியை அறியோம் என்று யாழ்ப்பாணத்தார் ஒருவரும் சொல்ல முடியாது. சண்டிலிப்பாய்க்காரர் தன்னைப் பற்றி வாய் திறவாதிருப்பதைக் கூச்சம் என்று வெளியூரார் நினைப்பது பிழை. அது இலக்கணம்.

3. களமும் முறையும்

தரவுகள் சந்தி, சங்கக்கடை வாசல், கல்வளைப் பிள்ளையார் கோயில் வீதி, சீரணி நாகபூஷணி அம்மன் கோயில் திருவிழா, சாவீட்டுப் பந்தல், கலியாண மண்டபம் ஆகிய இடங்களில் திரட்டப்பட்டன. வினாக்கொத்து எதுவும் தயாரிக்கப்படவில்லை. வினாக்கள் களத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தன. விடை சொல்லும் வேலை மட்டுமே ஆய்வாளருக்கு மிஞ்சியது. மாதிரி ஒன்று கீழே. பெயர் எடுத்துக்காட்டுக்காகவே.

"தம்பி எவடம்?"

"சண்டிலிப்பாய்தான் ஐயா."

"சண்டிலிப்பாயிலை எவடம்?"

"கல்வளைப் பிள்ளையார் கோயிலடி."

"கோயிலுக்கு முன்னாலையோ, பின் ஒழுங்கையோ?"

"பின் ஒழுங்கை."

"அங்கை ஆற்றை மோன்?"

"சுப்பிரமணியத்தாற்றை."

"எந்தச் சுப்பிரமணியம்? மாஸ்டரோ, ஓவசியரோ?"

"மாஸ்டர்."

"ஓ! அப்ப கொம்மா மாசியப்பிட்டியெல்லே? கொப்பரோடை ஒண்டாய்ப் படிச்சனான். நீ மூத்தவனோ, கடைசியோ?"

"நடுவிலான்."

"அதுதானே பாத்தன், முகவெட்டு தாய்மாமன்ரை."

4. பகுப்பாய்வு

முதலாவது, விசாரணை பரப்பிலிருந்து புள்ளிக்கு இறங்குகிறது. ஊர், கோயிலடி, ஒழுங்கை, வளவு என்று ஒவ்வொரு வினாவும் வட்டத்தைச் சிறிதாக்குகிறது. 'அடி' என்ற ஈறு இங்கே நில அளவைத் திணைக்களத்தின் வேலையைச் செய்கிறது. புளியடி, ஆலடி, வயிரவர் கோயிலடி என்றால் போதும். மரம் எப்போதோ தறிக்கப்பட்டிருந்தாலும் அடி இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாவது, இடம் முடிந்தபின் இனம் தொடங்குகிறது. தகப்பன், தகப்பனின் உத்தியோகம், தாயின் ஊர், பிறந்த வரிசை, தாய்மாமனின் மூக்கு என்று அது நகர்கிறது. இளம் ஆளாயின் எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஆண்டு சோதனை எடுத்தது என்பவை இடையில் நுழையும். கலியாணம் முடித்தவராயின் "எங்கை கட்டினது?" என்பது கட்டாய வினா. அவர் பெண்ணாயின் அது இரண்டாவது வினாவாகவே முன்னேறிவிடும்.

மூன்றாவது, ஆய்வாளர்களைப் பெரிதும் வியக்கவைப்பது: மேற்காட்டிய உரையாடலில் அந்த இளைஞனின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அவன் என்ன செய்கிறான், எதை விரும்புகிறான், இரவில் கொப்பி திறந்து என்ன எழுதுகிறான் என்பனவும் கேட்கப்படவில்லை. ஆயினும் விசாரணை முழுத் திருப்தியோடு முடிந்தது. சண்டிலிப்பாய்க் கோட்பாட்டின்படி பெயர் என்பது ஆளைக் கண்டுபிடித்த பிறகு கூப்பிடுவதற்கு மட்டும் வேண்டியது.

5. பெயர் போதாது என்பதற்கான சான்றுகள்

இது கிராமத்துக் குறுகுறுப்பு என்று ஒதுக்குவோருக்கு இலக்கிய வரலாற்றிலிருந்து விடை தரலாம். கல்வளைப் பிள்ளையார் மேல் கல்வளையந்தாதி பாடியவர் சின்னத்தம்பிப் புலவர். எந்தச் சின்னத்தம்பி? நல்லூர்ச் சின்னத்தம்பி. இணுவில் சின்னத்தம்பி வேறு. இருவருமே ஒல்லாந்தர் காலத்தவர், இருவருமே புலவர். ஊர்ப்பெயர் முன்னால் நில்லாவிட்டால் ஒருவர் பாட்டை மற்றவர் கணக்கில் எழுதிவிடுவோம். பக்கத்து ஊர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) நவாலியூரையும், அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) சுன்னாகத்தையும் முன்னால் விட்டு நடந்ததும் இதற்காகவே.

20ஆம் நூற்றாண்டில் சிக்கல் முற்றியது. ஈழத்து எழுத்துலகில் மூன்று சிவஞானசுந்தரங்கள் தோன்றினர். ஒருவர் சிறுகதை முன்னோடி, ஒருவர் மருத்துவப் பேராசிரியரான நாவலாசிரியர், ஒருவர் கேலிச்சித்திரக்காரர். முதலாமவர் இலங்கையர்கோன் ஆனார், இரண்டாமவர் நந்தி ஆனார், மூன்றாமவர் சிரித்திரன் சுந்தர் ஆனார். புனைபெயர் ஒருவர் தன்னை மறைப்பதற்கு என்று மேலைநாட்டுத் திறனாய்வாளர் கூறுவர். யாழ்ப்பாணத்தில் அது "எந்தச் சிவஞானசுந்தரம்?" என்ற கேள்விக்கு முன்கூட்டியே எழுதி வைத்த விடை.

6. அரசின் போட்டி முறை

அறிமுகத்துக்கு இலங்கை அரசும் ஒரு முறை வைத்திருக்கிறது. 1968ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் வழி வந்த அடையாள அட்டையில், பழைய முறைப்படி 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருந்தன. 2016இலிருந்து 12 இலக்கம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அந்த நாளோடு 500 கூட்டப்படும். போர்க்காலத்தில் காவலரணில் சைக்கிளை விட்டிறங்கி இந்த அட்டையை நீட்டியே ஒரு தலைமுறை தன்னை அறிமுகம் செய்தது. அங்கே அட்டையைப் பார்த்தவருக்கு ஆள் பிறந்த நாள் தெரிந்தது, தாயின் ஊர் தெரியவில்லை. சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஒருவரும் இலக்கம் கேட்பதில்லை, பிறந்த நாளைத் தாமாகவே சொல்வார்கள்: "நீ பிறந்தது அந்தப் பெரிய வெள்ளத்துக்கு மற்ற வருசமெல்லே?"

1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் சண்டிலிப்பாய் அடங்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது இவ்விரு முறைகளும் சோதனைக்கு வந்தன. மழை, இருட்டு, தோளில் பிள்ளை, தலையில் மூட்டை. அங்கே அடையாள அட்டை எந்தக் கதவையும் திறக்கவில்லை. "நீங்கள் எவடம்? சண்டிலிப்பாயிலை எவடம்? ஆற்றை ஆக்கள்?" என்று வாசலில் நின்று கேட்டவர்கள், மூன்றாவது நாலாவது வினாவில் ஏதாவதொரு மச்சாளின் மைத்துனரைக் கண்டுபிடித்தார்கள். பிறகு விறாந்தையில் பாய் விரிக்கப்பட்டது. உறவு எதுவும் தட்டுப்படாத வீடுகளிலும் பாய் விரிக்கப்பட்டது உண்டு. அங்கே கேள்விகள் பாய் விரித்த பின்னரே கேட்கப்பட்டன.

7. கேட்கப்படாத வினா

ஆய்வு நேர்மை கருதி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வினா நிரலில் வாயால் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி, தகப்பன் என்ன வேலை, தாய் எந்த ஊர் என்ற வினாக்கள் எல்லாம் அதைச் சுற்றியே நடக்கின்றன. விடை கிடைத்ததும் கேட்டவர் முகம் மலர்வதும், சட்டென்று "சரி, நேரமாச்சு" என்று எழும்புவதும் அந்தக் கேட்கப்படாத வினாவின் விடையைப் பொறுத்தவை. அந்த விடையின் பெயர் சாதி.

அடுத்த ஊரான சங்கானையில் 1960களின் பிற்பகுதியில், தேநீர்க்கடைக்குள் எல்லாரையும் போல இருந்து எல்லாரையும் போன்ற கோப்பையில் குடிப்பதற்காகப் போராட்டம் நடந்தது, உயிர்களும் போயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டு நின்றவர்களிடமும் பெயரை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவர்கள் ஆர் என்பது வாசலை மறித்தவர்களுக்கு முன்னமே தெரியும் என்பதுதான் அங்கே சிக்கல். ஆகவே "ஆற்றை ஆள்?" என்ற அதே வினா ஒரு வீட்டில் பாய் விரிக்கிறது, இன்னொரு வீட்டில் படலை சாத்துகிறது. இதைச் சொல்லாமல் வினா நிரலின் அழகை மட்டும் வியப்பது ஆய்வாகாது.

8. நாட்குறிப்பு என்னும் விலக்கு

இனி நாட்குறிப்புக்காரருக்கு வருவோம். தமிழில் இத்துறையின் மூத்தவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும்வரை எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்தில் தலைமைத் துபாசியாக இருந்தவர். கப்பல் வந்தது, போனது, சந்தையில் என்ன விலை, ஆளுநர் மனைவி என்ன சொன்னார் என்று கணக்குப் புத்தகங்களில் நிரப்பினார். தன்னை எவருக்கும் அறிமுகம் செய்யவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை, ஏனெனில் அந்தப் பக்கத்தில் கேள்வி கேட்பவர் ஒருவரும் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து இல்லாமல், ஊர் இல்லாமல், 'நான்' என்று ஒரு வசனத்தைத் தொடங்க இடம் தருவது நாட்குறிப்பு ஒன்றே.

சண்டிலிப்பாய்க்காரர் ஒருவர் கொப்பி வாங்கி முதற் பக்கத்தில் 'நான்' என்று எழுதும்போது ஊர் இதுவரை ஒருமுறையும் கேட்காத ஒன்றுக்கு விடை எழுதத் தொடங்குகிறார். அதனால்தான் அடுத்த சொல் வரச் சுணங்குகிறது. பலர் இரண்டாம் வரியிலேயே "எங்கடை வீடு கல்வளைப் பிள்ளையார் கோயிலடி" என்று பழைய பாதைக்குத் திரும்பிவிடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் மூன்றாம் வரியில் அந்த வீட்டுக்குள் இருக்கிற ஆள் தலைகாட்ட வேண்டும். கோயிலடியில் வீடு நிறைய உண்டு, நாட்குறிப்புக்குப் புதிது அந்த ஆள்தான்.

9. முழுமையான அறிமுகம்

யாழ்ப்பாணத்தாரின் முழுமையான அறிமுகம் ஒன்று உண்டு. அது நன்னூல் விதிக்கு ஓர் எழுத்தும் வழுவாதது, ஏனெனில் அதை உரியவர் எழுதுவதே இல்லை. அது மரண அறிவித்தல். சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்டவர் என்று அது தொடங்கும். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், இன்னார் இன்னாரின் அருமைத் தந்தை, லண்டன், சுவிஸ், நோர்வேயிலுள்ளோரின் மைத்துனர், சம்பந்தி, பேரன் என்று பத்தி நீளும். சந்தியில் கேட்கப்படும் அத்தனை வினாக்களுக்கும் அதே வரிசையில் விடை இருக்கும். வாசிப்பவர் நடுவில் எங்காவது நிறுத்தி, "அட, எங்கடை மாஸ்டற்றை நடுவிலான்!" என்பார். நாட்குறிப்பு எழுதினார் என்பதற்கு அதில் இடமில்லை. அதை 31ஆம் நாள் அச்சிடும் 'கல்வெட்டு' என்ற நினைவு மலரில் யாரேனும் ஒரு பேரப்பிள்ளை சேர்க்கலாம்.

தன் கடைசி அறிமுகத்தைத் தானே சொல்லிவைத்துப் போனவருக்கு அயலில் ஒரு முன்மாதிரி உண்டு. 1847இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1884இல் அமெரிக்காவின் வூஸ்டரில் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற அளவில் ஆங்கிலத்தில் ஒரு வரி அவர் விருப்பப்படி கல்லறையில் உள்ளது. தகப்பன் பெயர் இல்லை, ஒழுங்கை இல்லை, செய்த வேலை மட்டும். சண்டிலிப்பாய் விதிப்படி அது குறைபாடுடைய அறிமுகம்தான். ஆனால் மானிப்பாயில் அவரை "எந்தக் கிறீன்?" என்று கேட்க ஆளில்லை.

10. மேலாய்வுக்குரிய தலைப்புகள்

அ. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை "எவடம்?" என்ற வினாவுக்கு ஸ்காபரோ என்று விடை சொன்னால், கேட்டவர் "அது சரி, ஊர் எவடம்?" என்று தொடர்வதன் காரணம்.

ஆ. கலியாண மண்டபத்தில் ஒரே ஆளை நால்வர் தனித்தனியே விசாரித்தால் நான்கு உறவுமுறை வெளிப்படுவதும், நான்கும் சரியாக இருப்பதும்.

இ. நாட்குறிப்பின் முதல் வசனம் 'நான்' என்று தொடங்கி, வினைமுற்று வரும்வரை கோயிலடி குறுக்கே வராமல் எழுதப்பட்ட பிரதிகளைத் தொகுத்தல்.

ஈ. மேற்காட்டிய உரையாடலில் ஊர், ஒழுங்கை, தகப்பன், தாய், தாய்மாமன் எல்லாம் வெளிவந்தும், கேட்ட ஐயா ஆர் என்பது ஆய்வாளருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவரிடம் "நீங்கள் ஆர்?" என்று திருப்பிக் கேட்டவர் எவராவது சண்டிலிப்பாயில் உளரா என்பது ஆராயத்தக்கது. அப்படி ஒருவர் கிடைப்பாராயின், முதலில் அவர் ஆற்றை மோன் என்று விசாரிக்க வேண்டும்.