கால் எரியுது சார்!

கே: கால் எரிச்சலுக்கு டாக்டர் ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் எழுதினார். மருந்துக் கடைக்காரரோ, 'அது வெறும் சத்து மாத்திரை' என்கிறார். யார் சொல்வது சரி? (கரூர் வாசகர்)

ப: இருவரும். ஜெர்மனியில் பல்லாண்டுகளாக இது சர்க்கரை நோயாளிகளின் நரம்பு பாதிப்புக்கான மருந்து. அமெரிக்காவில் வைட்டமின் அலமாரிச் சரக்கு.

கே: ஆசிட்டா! வயிறு வெந்துவிடாதே? (தேனி வாசகி)

ப: எலுமிச்சம்பழத்தில் இருப்பதும் ஆசிட்தான். இதை நம் உடம்பே தயாரிக்கிறது, துளியூண்டு. 1951இல் அமெரிக்காவில் லெஸ்டர் ரீடும் கூட்டாளிகளும் சுமார் 10 டன் ஈரல் கசடை அலசிப் பிரித்தெடுத்தது 30 மில்லிகிராம்தான். ஈரல் வறுவலை நம்பி இருக்க வேண்டாம்.

கே: சுற்றி வளைக்காதீர்கள். வேலை செய்யுமா, செய்யாதா?

ப: கொஞ்சம் செய்யும், கொஞ்ச நாளைக்கு. 1995இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் மூன்று வாரம் நரம்பு வழியாக ஏற்றியபோது எரிச்சலும் குத்தலும் குறைந்தன. 2006இல் 'சிட்னி 2' ஆய்வு வந்தது. பேர்தான் சிட்னி; நடந்தது ரஷ்யாவிலும் இஸ்ரேலிலும்! 181 பேருக்கு ஐந்து வாரம் மாத்திரை. தினம் 600 மி.கி. சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவு மதிப்பெண் 51 சதவீதம் குறைந்தது. 1,800 சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதேதான். கூடுதலாகக் கிடைத்தது குமட்டல். இதில் வேடிக்கை, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கும் 32 சதவீதம் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் 'எனக்குப் பிரமாதமாகக் கேட்டது' என்றால், இந்த 32ஐக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

நீண்ட நாள் கணக்கு இன்னும் சுமார். நான்கு ஆண்டுகள் 460 பேரைக் கவனித்த 'நேதன் 1' ஆய்வு, முக்கிய இலக்கை எட்டவில்லை. பழைய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்த 2024ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, ஆறு மாதத்துக்குப் பிறகு தொந்தரவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே சொல்கிறது.

கே: ஆன்டிஆக்ஸிடன்ட்தானே? நெல்லிக்காய் போதாதா? (சேலம் வாசகர்)

ப: ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது செல்லுக்குள் ஆக்சிஜனின் முரட்டுத் துணுக்குகள் பெருகி நரம்பையும், அதற்குத் தீனி போடும் நுண்குழாய்களையும் அரிக்கின்றன. மிக நீளமான நரம்புகள் முதலில் அடி வாங்கும். அதனால்தான் பாதத்தில் ஆரம்பம். அந்தத் துணுக்குகளை அடக்கத்தான் இந்த மாத்திரை. நெல்லிக்காய் ஊறுகாயால் நரம்பைக் காப்பாற்றலாம் என்பது நாக்கின் வாதம்.

கே: என் மாத்திரையில் இது 100 மி.கி.தான் இருக்கிறது. கூடவே மெத்தில்கோபாலமின் என்று ஏதேதோ... (மதுரை வாசகி)

ப: அட்டையைத் திருப்பிப் படித்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். ஆய்வில் கேட்டது 600. ஆனால் அந்த 'ஏதேதோ'வை அலட்சியம் செய்யாதீர்கள். அது பி12. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். குறைந்தாலும் கால் மரக்கும், எரியும். ஒருமுறை ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கே: ஆறு மாதமாக எரிந்த கால் இப்போது எரியவில்லை. குணமாகிவிட்டதா? (திருவாரூர் வாசகர்)

ப: கண்ணை மூடிக்கொண்டு பாதத்தை யாரையாவது தொடச் சொல்லுங்கள். தெரிந்தால் சந்தோஷம். தெரியாவிட்டால் அது குணமில்லை, மரத்துப்போனது. எரிகிற கால் தூங்கவிடாது. மரத்த கால் செருப்புக்குள் கிடக்கும் கல்லோடு சந்தை முழுக்கச் சுற்றிவிட்டு வரும், சாயங்காலம் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தால் ரத்தம். எரிச்சல் நின்றாலும் டாக்டரிடம் போய், தொடு உணர்வைப் பார்க்கும் நைலான் இழைச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

கே: பக்க விளைவு?

ப: குமட்டல், அரிப்பு. மிக அபூர்வமாக, உடம்பு தன் இன்சுலினுக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கி, சர்க்கரை தடாலென்று இறங்கியதுண்டு. வியர்த்துக் கை நடுங்கினால் சோதித்துப் பாருங்கள்.

கே: வலி தாங்கவில்லை. வேறு வழி?

ப: டுலாக்ஸெடின், ப்ரீகாபலின். இரண்டும் டாக்டர் சீட்டோடு மட்டும்.

கே: காசு போனாலும் பரவாயில்லை, ஆயுசுக்கும் சாப்பிடலாமா? (கோவை வாசகர்)

ப: ஐந்தாறு வாரத்தில் எரிச்சல் குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள். மிச்சமாகும் காசில் பாதத்தை உறுத்தாத மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி வாங்கலாம்.