தோட்டத்துப் பாம்பும் ஒரு கிலோமீட்டரும்

பதுளை மாவட்டம், பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் வாழும் பெரியப்பா அவர்கள் சமுகத்திற்கு, கனடாவிலிருந்து மகன் எழுதிக்கொள்வது.

கார்ட்டர் பாம்பு எனப்படுவது, கனடா முதல் புளோரிடா வரை பரவியுள்ளதும், உடல் நெடுக மஞ்சள் கோடுகள் ஓடுவதும், மனிதருக்குத் தீங்கு செய்யாததுமான ஒரு சிறு பாம்பாகும். கார்ட்டர் என்பது காலுறை நழுவாதிருக்க வெள்ளைக்காரர் முழங்காலுக்குக் கீழே கட்டிய பட்டையின் பெயராதலால், பழைய துரைமாரின் நீண்ட காலுறையைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. ஆயினும் இங்குள்ளோர் பலர் அப்பெயரைக் காதில் சரியாக வாங்காமல் ‘கார்டன்’ பாம்பு, அதாவது தோட்டத்துப் பாம்பு, என்றே சொல்கின்றனர். தோட்டம் என்றால் இவர்களுக்கு வீட்டின் பின்புறத்து நாலு பூச்செடி; நமுனுகுல மலையடியில் பிறந்தவர்க்கோ அது லயமும் பிரட்டுக்களமும் கொழுந்து மடுவமும் சேர்ந்த ஒரு தனி உலகம். ஆகையால், தோட்டத்துப் பாம்பு ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது என்று சென்ற செப்டெம்பரில் பக்கத்து வீட்டார் கூவியபோது, ஊர்க்காரருக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பதற்றத்தோடு இம்மகன் ஓடியதில் வியப்பில்லை.

புல்வெட்டும் இயந்திரம் அதன் முதுகுத்தோலை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது. துவாலையால் மூடி எடுத்துச் சப்பாத்துப் பெட்டிக்குள் இட்ட கணத்தில், அப்பாம்பு தன் வாலடிச் சுரப்பிகளிலிருந்து ஒரு திரவத்தை வெளியிட்டது. பகைவரை விரட்ட இயற்கை அதற்குத் தந்த ஆயுதம் அதுவேயாகும். நனைந்த கருவாட்டை ஒரு வாரம் மூடிவைத்துத் திறந்தாற்போன்ற அந்நாற்றம் போகும்வரை, பெரியப்பா அவர்களின் மருமகள் பெட்டி இருந்த அறைக்குள் அடியெடுத்து வைக்கவில்லை.

ஒன்டாரியோ மாகாணத்தில் 1997 ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், காயப்பட்ட காட்டுயிர் ஒன்றை 24 மணித்தியாலத்துக்கு மேல் வீட்டில் வைத்திருக்க இயலாது. அதற்குள் அனுமதி பெற்ற பராமரிப்பாளரிடம் அதை ஒப்படைத்துவிட வேண்டும். அவ்வாறே ஒப்படைத்தபின், சனிக்கிழமைதோறும் அவரது நிலையத்துக்குச் சென்று கூடு கழுவும் சம்பளமில்லாத வேலையொன்றை இம்மகன் ஏற்றுக்கொண்டதால், வைத்தியமுறையை நேரிற் காண முடிந்தது. பாம்புக்குக் கதிர்ப்படம் எடுக்கப்பட்டது; நோவு தெரியாதிருக்க மருந்தேற்றப்பட்டது; பின்னர் கிழிந்த தோல் தைக்கப்பட்டது. காய்ச்சலானாலும் கால்முறிவானாலும் ஒரே போத்தலிலிருந்து ஒரே மிக்சரை ஊற்றிக் கொடுத்த ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் வளர்ந்தவருக்கு, இக்காட்சி சற்றுப் பொறாமையை உண்டாக்கக்கூடியது.

பாம்பு தன் உடலுக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்க இயலாத பிராணி. சூடு குறைந்தால் உண்டதும் செரிக்காது, புண்ணும் ஆறாது. அதனால் கூட்டின் ஒரு முனை ஏறத்தாழ 30 பாகை வெப்பத்திலும் மறுமுனை குளிர்ச்சியாகவும் வைக்கப்பட, தனக்கு ஏற்ற இடத்தை அதுவே தேடிக்கொள்கிறது. புண்ணில் அழுக்கு ஏறாதிருக்க மண்ணுக்குப் பதில் வெறும் காகிதம் விரிக்கப்படுகிறது. தையலைப் பிரிக்க அவசரப்படுவதில்லை. பாம்பு சட்டை உரிக்கும்வரை, சில வேளை இரண்டாம் முறை உரிக்கும்வரை, வாரக்கணக்கில் காத்திருக்கின்றனர். உணவு மண்புழுவேயாயினும், உரக்குழியில் வளரும் செம்புழு இதற்கு நஞ்சாகலாம் என்பதால் தூண்டிற்காரர் கடையில் விற்கும் பெரும் புழுவையே வாங்க வேண்டும். மீன் கொடுப்பதிலும் கவனம் தேவை. சில மீன்களில் உள்ள ஒரு நொதியம் உயிர்ச்சத்து பி1 ஐ அழித்துவிடுவதால், அவற்றையே தின்னும் பாம்புக்கு வலிப்புக் காணும். பால் வைத்தீர்களா என்று பெரியம்மா கேட்டிருந்தார்கள். பாம்புக்குப் பால் செரிக்காது; புற்றில் ஊற்றும் பாலால் பயன்பெறுவது எறும்பேயாகும்.

மழைக்காலம், வெயில்காலம் என்ற இரண்டை மட்டும் அறிந்தோர்க்கு, பாம்பை எட்டு மாதம் வைத்திருந்ததன் காரணம் விளங்காது. உறைபனிக் காலத்தில் இவை நிலத்தடிப் பிளவுகளுக்குள் இறங்கி அசையாது கிடக்கின்றன. முன்பே இடம்பிடிக்காத பாம்பைப் பனியில் விட்டால் அது இறந்துபோகும். மானிடோபா மாகாணத்தின் நார்சீஸ் என்னுமிடத்தில், சுண்ணாம்புக்கல் குழிகளிலிருந்து வசந்தத்தில் பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் ஒருசேர வெளிவருவதைக் காணச் சனம் திரள்கிறது. கதிர்காமக் கொடியேற்றத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பாம்புகளாகக் கற்பனை செய்தால் ஓரளவு பொருந்தும். அவை வண்டிச் சில்லில் நசியாதிருக்கத் தெருவுக்கு அடியில் சுரங்கவழியும் அமைத்துள்ளனர்.

மே மாதத்தில் விடுதலை வந்தது. தேறிய விலங்கை, அது வளர்ந்ததாயின், கண்டெடுத்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளேயே விடவேண்டும் என்பது ஒன்டாரியோ மாகாணத்து விதி. தெரியாத இடத்தில் தண்ணீரும் ஒளிவிடமும் அறியாமல் அது தவிக்கும் என்பதோடு, ஓரிடத்து நோய் மற்றோரிடத்துக்குப் பரவும் என்பதும் காரணமாகக் காட்டப்படுகிறது. காரணத்தைப் படித்தபோது இம்மகனுக்குப் பதுளைப் புகையிரத நிலையம் நினைவுக்கு வந்தது. இலங்கையின் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த தோட்டத்து மக்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் செய்தவர்கள், கிலோமீட்டர்க் கணக்கை எங்கும் எழுதி வைக்கவில்லை. அப்படிக் கோச்சியேறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்தோருள் பலர், போகும் ஊரை ஒருமுறையேனும் கண்டதில்லை. தோட்டத்துப் பாம்பு, தோட்டத்து ஆளைவிட நல்ல நேரத்தில் பிறந்திருக்கிறது.

பெரியப்பா அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பீலிக்கரைப் பக்கம் தவளை தேடி வரும் கோடு போட்ட தண்ணீர்ப்பாம்பு, இந்தக் கார்ட்டர் பாம்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம்; அதைக் கண்டதும் கவ்வாத்துக் கத்தியைத் தேட வேண்டாம். ஆனால் எந்தப் பாம்பையும் கையால் எடுக்கவும் வேண்டாம். தேயிலைச் சருகுக்குள் சுருண்டு கிடக்கும் மூக்கு நிமிர்ந்த சிறு விரியனின் கடிக்கு, இலங்கை மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படும் இந்திய விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. பீலிக்கரைக்காரர் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்பதை அடுத்த கடிதத்தில் தெரிவிக்கவும்.